கமிட்டில புகார் குடுத்தாச்சு, லீவு கேட்டா இல்லைங்கறாங்க, என்ன பண்றது?

சரி, அடுத்த கேள்வி. கோயம்புத்தூர்ல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க, பேரு வேண்டாம். 40 பேர் வேலை பாக்கற எக்ஸ்போர்ட் கம்பெனி, சூப்பர்வைசர் மேல பாலியல் தொல்லைன்னு கம்பெனிக்குள்ள இதுக்குன்னே இருக்கற உள் புகார் கமிட்டில புகார் குடுத்தாச்சு, விசாரணை ஓடிட்டிருக்கு, ஆனா தினமும் அதே ஆள் டேபிள்ல போய் நின்னுதான் கையெழுத்து வாங்கணும், லீவு கேட்டா ஹெச்.ஆர் "உங்களுக்கு பேலன்ஸ் இல்ல, லாஸ் ஆஃப் பே தான்"ங்கறாங்க, ரிசைன் லெட்டர் எழுதி பையிலயே வெச்சிருக்கேன், குடுத்துடட்டுமான்னு கேக்கறாங்க.

அம்மா, அந்த பேலன்ஸுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. வேலை பாக்கற இடத்துல பெண்களுக்கு நடக்கற பாலியல் தொல்லையத் தடுக்கற 2013 போஷ் சட்டத்துல 12-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. விசாரணை நடக்கற காலத்துல நீங்க எழுத்துல கேட்டா, 3 மாசம் வரைக்கும் உங்களுக்கு லீவு குடுங்கன்னு கமிட்டி கம்பெனிக்கு பரிந்துரை பண்ணலாம், அது உங்க கேஷுவல் லீவு, ஈ.எல் எதுலயும் கை வைக்காம அதுக்கு மேல தர்ற லீவு. கமிட்டி சொல்லிட்டா கம்பெனி செஞ்சே ஆகணும், செஞ்சுட்டு கமிட்டிக்கு ரிப்போர்ட்டும் அனுப்பணும்.

நிறைய பேர் கோட்டை விடறது எங்கன்னா, ஹெச்.ஆர் கிட்ட வாயால கேட்டுட்டு அவங்க இல்லைன்னதும் திரும்பி வந்துடறாங்க. ஹெச்.ஆர் கிட்ட கேக்காதீங்க, கமிட்டி தலைவிக்கு எழுதுங்க. ஒரு பக்கம் போதும், புகார் குடுத்த தேதி, 12-வது பிரிவு, எத்தன நாள் வேணும், அவ்வளவுதான். ரெண்டு காப்பி எடுத்து ஒண்ணுல தேதி போட்டு கையெழுத்து வாங்கி வெச்சுக்கோங்க, மெயிலும் போட்டுடுங்க.

"சம்பளத்தோட"ன்னு மறக்காம எழுதுங்க. அந்தப் பிரிவுல லீவுன்னு மட்டும்தான் இருக்கு, அந்த ஓட்டைய வெச்சுதான் சம்பளத்த பிடிக்கப் பாப்பாங்க. மத்திய அரசு பெண் ஊழியர்களுக்கு 2017-லயே 90 நாள் வரைக்கும் லீவு கணக்குல கழிக்காம தரலாம்னு விதி வந்துடுச்சு, அதயும் லெட்டர்ல எடுத்துக் காட்டுங்க.

இன்னொண்ணு, வீட்லயே உக்காந்திருந்தா மனசு இன்னும் கஷ்டப்படும்னு தோணுச்சுன்னா லீவுதான் கேக்கணும்னு இல்ல, அந்த ஆள வேற இடத்துக்கு மாத்தச் சொல்லிக் கேக்கலாம், உங்க வேலையப் பத்தி அவர் ரிப்போர்ட் எழுதக் கூடாதுன்னும் கேக்கலாம். தப்பு பண்ணது அவர், நீங்க ஏம்மா எந்திரிச்சுப் போகணும்?

விசாரணைய 90 நாளுக்குள்ள முடிக்கணும்னு சட்டமே சொல்லுது, அதனால லெட்டர நாளைக்கே குடுங்க, தள்ளிப் போடாதீங்க. பையில இருக்கற அந்த ரிசைன் லெட்டர மட்டும் இப்போ குடுக்காதீங்க.