வாலிபர் ஐக்கியம்: கணக்கு நோட்டு யார் கையில?

எல்லாருக்கும் வணக்கம். இளைஞர் நிகழ்ச்சியில பேச வாங்கன்னு கூப்பிட்டப்ப, சர்ச்ல இளைஞருக்குன்னு இருக்குற சங்கம், அதான் வாலிபர் ஐக்கியம், அது எப்படி நடக்குதுன்னு பேசட்டுமான்னு கேட்டேன், தாராளமா பேசுங்கன்னுட்டாங்க. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை, சபையில நான் வாலிபர் ஐக்கிய செயலாளரா இருந்தவ, இப்ப வயசு தாண்டிட்டதால ஆலோசகர்னு ஒரு பதவி குடுத்து உக்கார வச்சிருக்காங்க. ஆலோசகர்னா யாரும் கேக்காதத சொல்றவங்கன்னு எங்க பிள்ளைங்க கிண்டல் பண்ணுவாங்க, சரி, இன்னிக்கி மைக் கையில இருக்கு, சொல்லிர்றேன்.

நம்ம சபைகள்ல வாலிபர்கிட்ட வேலை வாங்குறோம், முடிவெடுக்க மட்டும் விட மாட்டேங்குறோம். அசனம்னு சபையே சேர்ந்து சாப்பிடுற விருந்துல பந்தி பரிமாறுறது யாரு, வாலிபர். கன்வென்ஷன் பந்தல்ல சேர் போடுறது, கோபுரத்துல ஏறி ஸ்டார் கட்டுறது, ப்ரொஜெக்டர்ல பாட்டு போடுறது, எல்லாம் அவங்கதான். ஆனா அசனத்துக்கு அரிசி எங்க எடுக்குறது, சமையல்காரர் யாரு, மிச்சம் விழுற காச என்ன செய்யுறதுன்னு பேசுற ரூமுக்குள்ள 30 வயசுக்கு கீழ ஒரு ஆளத் தேடுனாலும் கிடைக்காது.

கேரல் ரவுண்ட்ஸயே எடுத்துக்கோங்க. டிசம்பர் மாசம் ராத்திரி ராத்திரியா ஒரு லோடு ஆட்டோவுல ஸ்பீக்கரக் கட்டிக்கிட்டு தெருத்தெருவா போறோம், கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட்ட பையன் அந்த மாஸ்க்குக்குள்ள வேர்த்து ஊத்தி நிக்கிறான், வீட்டுக்கு வீடு முறுக்கும் வரக்காப்பியும் குடுத்து காணிக்கை போடுவாங்க, ஒரு தம்பி செல்போன் வெளிச்சத்துல வீட்டுப் பேரு, தொகை எல்லாம் நோட்டுல எழுதிக்கிட்டே வருவான். கடைசி நாள் சர்ச்சோட ஒட்டுன வெஸ்ட்ரி ரூமுல மேஜை மேல கொட்டி, கசங்குன பத்து ரூவா நோட்டெல்லாம் நீவி நீவி அடுக்கி, சில்லறைய தனியா கட்டி எண்ணி முடிப்பாங்க. எண்ணி முடிச்ச நிமிஷம் பெரியவர் ஒருத்தர் வந்து, "நல்லா செஞ்சீங்கப்பா, இனி நாங்க பாத்துக்கிறோம்"னு நோட்டையும் பையையும் சேர்த்து வாங்கிட்டு போயிருவாரு. அந்தப் பணம் என்னாச்சுன்னு அடுத்த டிசம்பர் வரைக்கும் அந்தப் பிள்ளைங்களுக்கு தெரியாது. யாரும் களவாண்டாங்கன்னு நான் சொல்லல, கணக்கு சுத்தமாத்தான் இருக்கும், ஆனா எண்ணுனவங்களுக்கு சொல்லணும்னு ஒருத்தருக்கும் தோணல பாருங்க, அதத்தான் சொல்றேன்.

எனக்குத் தெரிஞ்ச இன்னொரு சபையில ஐயர், எங்க பக்கம் போதகர அப்படித்தான் கூப்பிடுவோம், ஒரு வருஷம் துணிஞ்சு, கேரல் காசுல பாதிய நீங்களே முடிவு பண்ணுங்கன்னு பிள்ளைங்ககிட்ட விட்டுட்டாரு. அம்புட்டுத்தான், ஒரே சண்டை. புது ஸ்பீக்கர் வாங்கணும்னு ஒரு கட்சி, காலேஜ் பீஸ் கட்ட முடியாம நிக்கிற ஒரு பிள்ளைக்கு குடுக்கணும்னு இன்னொரு கட்சி, ரெண்டு பேரு கோவிச்சுக்கிட்டு வீட்டுக்கே போயிட்டாங்க. கடைசியில பீஸ கட்டிட்டு, பழைய ஸ்பீக்கருக்கு கோன் மட்டும் மாத்திக்கிட்டாங்க. கோவிச்சுக்கிட்டு போன ரெண்டு பேருந்தான் அந்த ஸ்பீக்கர தூக்கிக்கிட்டு ரிப்பேர் கடைக்கு அலைஞ்சது. ஒரு வருஷம் பூரா பிரசங்கம் கேட்டாலும் அந்தப் பிள்ளைங்க இவ்வளவு பழகியிருக்க மாட்டாங்கன்னு நான் நினைக்கிறேன்.

இது ஒண்ணும் புதுசா நான் கண்டுபிடிச்சதும் இல்ல. 1881 பிப்ரவரி 2ஆம் தேதி அமெரிக்காவுல மெய்ன் மாநிலம் போர்ட்லேண்ட் ஊர்ல வில்லிஸ்டன் சர்ச் போதகர் பிரான்சிஸ் கிளார்க், அப்ப அவருக்கே 29 வயசுதான், சபைப் பிள்ளைங்கள வச்சு கிறிஸ்டியன் எண்டெவர்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாரு, அது உலகம் பூரா பரவுச்சு, நம்ம நாட்டுக்கும் வந்துச்சு. அதுல சேருறவங்க ஒரு உறுதிமொழி குடுக்கணும். ஒவ்வொரு ஜெபக் கூட்டத்துலயும் நான் ஏதாவது ஒரு பங்கு எடுப்பேன், பாட்டு பாடுறது அதுல சேராது. அந்த கடைசி வரிய நல்லா கவனிங்க, பாட்டு சேராது! ஒரு வசனம் சொல்லலாம், ஒரு வரி ஜெபம் பண்ணலாம், மனசுல பட்டத ரெண்டு வாக்கியம் பேசலாம், ஆனா வாயத் திறந்தாகணும். அதோட சங்கத்து வேலை எல்லாத்தையும் கமிட்டி கமிட்டியா பிரிச்சு பிள்ளைங்க கையிலயே குடுத்துட்டாங்க.

இப்ப நம்ம கூட்டத்த பாருங்க. பாதி நேரம் ஆராதனைப் பாட்டு, லைட்டு, கீபோர்டு, அது முடிஞ்சா வெளியூர்ல இருந்து வந்த பிரசங்கியாரோட சிறப்பு செய்தி, அப்புறம் அறிவிப்பு, டீ, பிஸ்கட், வீடு. பாட்டு வேண்டாம்னு சொல்ல நான் யாரு, நானும் கொயர்ல நின்னவதான், ஆனா ஒரு பிள்ளை சொந்தமா ஒரு வார்த்தை பேசாமலே 5 வருஷம் வாலிபர் ஐக்கியத்துக்கு வந்துட்டு போயிரலாம்னா அது எப்படி ஐக்கியம்?

நம்ம ஊரு கதையும் இருக்கு. வெள்ளாளன்விளையில பிறந்த அசரியா, ஒய்எம்சிஏங்கிற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்துக்கு செயலாளரா ஊர் ஊரா சுத்துனவரு, 1903ல பாளையங்கோட்டையில இந்தியன் மிஷனரி சொசைட்டி ஆரம்பிக்கும்போது முன்னால நின்னாரு. இந்திய ஆளுங்க, இந்தியப் பணம், இந்திய நிர்வாகம், இதுதான் அதோட கொள்கை, வெள்ளைக்காரன் காசே வேண்டாம்னு. அப்ப அவருக்கு 28 வயசு. 1912ல ஆங்கிலிக்கன் சபையோட முதல் இந்திய பிஷப்பாவும் ஆயிட்டாரு. அந்த ஒய்எம்சிஏவையே 1844ல லண்டன்ல ஆரம்பிச்ச ஜார்ஜ் வில்லியம்ஸ் ஜவுளிக்கடையில வேலை பாத்த 22 வயசுப் பையன். இவங்களையெல்லாம் வருஷா வருஷம் மேடையில புகழ்ந்து பேசுறோம், அதே மேடைக்கு கீழ 28 வயசுப் பையன் கமிட்டியில எந்திரிச்சா, "உக்காரு தம்பி, பெரியவங்க பேசிக்கிட்டு இருக்கோம்ல".

பொண்ணுங்க வர்றதில்லன்னு ஒரு குறை சொல்லுவாங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி ஏழரைக்கு கூட்டம் வச்சா எப்படி வருவாங்க, பஸ்சு கிடையாது, வீட்டுல விட மாட்டாங்க. காலை ஆராதனை முடிஞ்ச கையோட வச்சுப் பாருங்க, வருவாங்க. அப்புறம் திடப்படுத்தல், அதாவது பிள்ளைய சபையில முழு அங்கத்தினரா சேர்க்குற சடங்கு, அது முடிஞ்ச 14 வயசுப் பிள்ளையையும் ரெண்டு பிள்ளைக்கு அப்பனான ஆளையும் ஒரே பெஞ்சுல உக்கார வச்சு காதலைப் பத்தி செய்தி குடுக்குறாங்க, யாருக்கு என்ன புரியும் சொல்லுங்க.

இன்னொன்னு, இதுல நான் கொஞ்சம் கறாரா பேசுவேன். கேம்ப்புக்கு பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு போனா ஆணும் பெண்ணுமா பெரியவங்க கூட இருக்கணும், கவுன்சலிங்னு சொல்லி ஒரு பிள்ளைய தனியா ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போய் கதவ சாத்தக் கூடாது, லீடரா இருக்கட்டும் யாரா இருக்கட்டும் ராத்திரி 11 மணிக்கு பிள்ளைக்கு தனி மெசேஜ் போடக் கூடாது. 18 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைகிட்ட யாராவது தப்பா நடந்தது தெரிஞ்சா 2012ல வந்த போக்சோ சட்டப்படி போலீசுக்கு சொல்லியே ஆகணும், சபைப் பேரு கெட்டுரும், நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்ங்கிற பேச்சுக்கே இடம் இல்ல. இத கேம்ப்புக்கு முந்தியே பெத்தவங்கள உக்கார வச்சு சொல்லிரணும்.

கடைசியா, ஊரை விட்டு போற பிள்ளைங்க. பிளஸ் டூ முடிஞ்சா சென்னை, கோயம்புத்தூர், அப்புறம் வேலைக்கு ஓசூர், பெங்களூரு, துபாய். போற அன்னைக்கு ஐயர் வந்து ஜெபம் பண்ணி வழியனுப்புவாரு, அதோட சரி. அங்க ஹாஸ்டல்ல ஞாயித்துக்கிழமை முழிச்சா எந்த சர்ச்சுக்கு போகன்னு தெரியாது, ஒரு மாசம் போகலன்னா அப்படியே பழகிரும். பிள்ளை போற ஊர்ல உள்ள சபை ஐயருக்கோ அங்க வாலிபர் செயலாளருக்கோ இங்க இருந்து ஒரு போன், பிள்ளைகிட்ட கேட்டுட்டு, "எங்க பொண்ணு ஒருத்தி வர்றா, ஹாஸ்டல் இந்த இடம், முதல் ஞாயிறு யாராவது போய் கூட்டிட்டு வாங்க"ன்னு சொல்லணும். இந்த வேலைக்கு பட்ஜெட் வேண்டாம், கமிட்டி தீர்மானம் வேண்டாம். காலேஜ் சேர்க்கை நடக்குற சீசன்ல வாலிபர் ஐக்கியத்துல ரெண்டு பேருகிட்ட லிஸ்ட குடுத்தா ஒரு வாரத்துல முடிச்சிருவாங்க. லிஸ்ட குடுத்துட்டு, பெரியவங்க தயவுசெஞ்சு பின்னாடியே நின்னு பாத்துக்கிட்டு இருக்காதீங்க.

நன்றி, வணக்கம்.