சின்ன டிராக்டரும் அதன் இரண்டு கைகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

முன்னால் மண் அள்ளித் தூக்கும் ஒரு லோடர், பின்னால் பள்ளம் தோண்டும் கையான ஒரு பேக்ஹோ, நடுவில் 25 முதல் 40 குதிரைத்திறன் உள்ள ஒரு சின்ன டிராக்டர். இந்த மூன்றும் சேர்ந்த வண்டியை எப்படி வைத்துப் பிழைப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. பேக்ஹோ என்றதும் நம் வாயில் முதலில் வருவது ஜேசிபி. அந்த நினைப்பை முதலில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். சாலையோரத்தில் பள்ளம் பறிக்கிற அந்தப் பெரிய இயந்திரம் ஏழெட்டு டன் எடை. நம்முடையதோ, லோடர், பேக்ஹோ எல்லாம் சேர்த்தே இரண்டு டன்னைச் சுற்றித்தான் நிற்கும். தோண்டுகிற வேலை ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் மட்டும் நடப்பதில்லை. வண்டி தரையில் எவ்வளவு அழுந்தி நிற்கிறதோ, அவ்வளவுதான் அதனால் இழுக்கவும் தூக்கவும் முடியும். இந்த வண்டி கவிழ்வதும், உடைவதும், ஓட்டுபவரைப் பதறவைப்பதும் பெரும்பாலும் எடை எங்கே போய் உட்கார்ந்தது என்று கவனிக்காததால்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 1.6 மீட்டர். லோடர் பக்கெட்டின் நடு, முன் அச்சிலிருந்து 1.2 மீட்டர் முன்னால். பக்கெட்டில் 400 கிலோ மண் அள்ளுகிறீர்கள். முன் அச்சில் கூடுகிற பாரம் எவ்வளவு? 400 கிலோ என்று சொல்லத் தோன்றும். உண்மையில் 700 கிலோ. மீதி 300 கிலோ பின் அச்சிலிருந்து பறிக்கப்பட்டு முன்னால் வந்து ஏறுகிறது. சீசாப் பலகையில் ஒரு பக்கம் கனத்தவர் உட்கார்ந்தால் மறுபக்கம் எழும்புவது போலத்தான். பின் சக்கரம் இலேசாகிவிட்டால் பிடிப்பும் போயிற்று, பிரேக்கும் போயிற்று. ஏனென்றால் பெரும்பாலான சின்ன டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரத்துக்கு மட்டுமே உண்டு.

இதற்கு மருந்து பின்னால் எடை வைப்பது. ஆனால் எங்கே வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். பின் டயர்களில் 300 கிலோ தண்ணீர் நிரப்பினால் பின் அச்சில் 300 கிலோ கூடும். முன் அச்சின் பாரம் ஒரு கிலோகூடக் குறையாது. அதே 300 கிலோவை, பின் அச்சிலிருந்து 0.8 மீட்டர் பின்தள்ளி, த்ரீ பாயிண்ட் லிங்கேஜில், அதாவது கருவிகளை மாட்டும் பின்பக்க மூன்று முனை இணைப்பில், கான்கிரீட் பெட்டியாக மாட்டினால் பின் அச்சில் 450 கிலோ கூடுகிறது, முன் அச்சில் 150 கிலோ குறைகிறது. டயரில் தண்ணீர் நல்லதுதான், வண்டியைச் சாய்வில் நிலைப்படுத்தும். நிரப்பும்போது வால்வை உச்சியில் நிறுத்தி, அந்த மட்டம் வரைக்கும், அதாவது ஏறத்தாழ முக்கால் பங்கு நிரப்பினால் போதும். மேலே காற்றுக்கு இடம் வேண்டும். ஆனால் முன் அச்சின் சீல்களையும் பேரிங்குகளையும் காப்பாற்றுவது பின்னால் தொங்குகிற எடை மட்டுமே. பேக்ஹோ மாட்டியிருந்தால் அதுவே அந்த வேலையைச் செய்துவிடும். அதைக் கழற்றிய நாளில்தான் ஆபத்து. "சும்மா நாலு பக்கெட் மணல்தானே" என்று வெறும் பின்புறத்தோடு லோடரை ஓட்டுவது வேண்டவே வேண்டாம்.

எவ்வளவு தூக்கலாம்? விவரத் தாளில் போட்டிருக்கும் தூக்கும் திறன் பெரும்பாலும் பக்கெட்டை மாட்டும் முளை (பின்) இருக்கும் இடத்தில் அளந்தது. மண் இருப்பது அதற்கும் அரை மீட்டர் முன்னால். பக்கெட்டின் எடையையும் அதில் கழிக்க வேண்டும். ஆகவே கையில் மிஞ்சுவது தாளில் உள்ளதைவிடக் குறைவு. ஒன்றரை மீட்டர் அகலப் பக்கெட்டில் கால் கன மீட்டர் கொள்ளும் என்று வையுங்கள். மரத்தூளோ இலைதழையோ என்றால் 100 கிலோவைத் தாண்டாது. காய்ந்த மணல் 400 கிலோ. நனைந்த மணல் 475 கிலோ. மழைக்கு முன் சுலபமாகத் தூக்கிய அதே குவியலை மழைக்குப் பின் தூக்க மறுக்கும்போது பம்ப் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். தூக்கவில்லையே என்று, எண்ணெய் அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வை முறுக்கி அழுத்தத்தைக் கூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கூடுதல் பாரத்தைத் தாங்குவதற்கு முன் அச்சை யார் பெரிதாக்கித் தந்தார்கள்?

பாரத்தோடு நகரும்போது பக்கெட் தரையிலிருந்து ஒரு முழம் உயரத்துக்குள் இருக்கட்டும். உயரத் தூக்குவது கொட்டுகிற இடத்துக்கு வந்த பிறகுதான். சரிவில் இறங்கும்போது நான்கு சக்கர இயக்கத்தை இணைத்தே வையுங்கள். பின் சக்கரம் இலேசானாலும் முன் சக்கரங்கள் வழியாக பிரேக் பிடிக்கும். தார், கான்கிரீட் போன்ற கெட்டித் தரையில் அதை விடுவித்துவிடுங்கள். முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடச் சற்று வேகமாகச் சுழலும்படிதான் கியர் அமைத்திருப்பார்கள். மண்ணில் அந்த வித்தியாசம் வழுக்கிப் போய்விடும். கெட்டித் தரையில் போக இடமில்லாமல் டிரைவ் லைனை முறுக்கும். வண்டி கவிழ்ந்து உருண்டால் ஓட்டுபவரைக் காக்கும் கம்பி வளைவு நிமிர்ந்திருந்தால் சீட் பெல்ட் கட்டாயம். மடித்து வைத்திருந்தால் பெல்ட் போடக்கூடாது.

குவியலுக்குள் பக்கெட்டைச் செலுத்துவதில் ஒரு சூட்சுமம். ஹைட்ரோஸ்டேட்டிக் பெடல், அதாவது கியர் மாற்றாமல் எண்ணெய் அழுத்தத்தாலேயே வண்டியை ஓட்டும் பெடல் உள்ள வண்டியில் திணறும்போது கால் தானாகவே இன்னும் அழுத்தும். அது தலைகீழ். பெடலை அழுத்த அழுத்த வேகம் கூடும், இழுவிசை குறையும். இன்ஜின் முனகினால் காலைச் சற்றுத் தளர்த்துங்கள், வண்டி மெல்ல உள்ளே நுழையும். பக்கெட்டின் அடி தரைக்கு இணையாக, தாழ்ந்த கியரில், நேராகப் போக வேண்டும். ஒரு மூலையால் மட்டும் பாறையையோ வேரையோ நெம்பினால் லோடர் சட்டம் முறுகும். இன்னொன்று, பக்கெட்டை முழுக்கக் கவிழ்த்து அதன் விளிம்பால் பின்னோக்கி வாரிச் சமப்படுத்துவது. அந்த நிலையில் பக்கெட்டைச் சாய்க்கும் சிலிண்டரின் ராட் முழு நீளத்துக்கு வெளியே நீட்டி நிற்கிறது. விளிம்பு ஒரு வேரில் மாட்டினால் ராட் வளைந்துபோகும். சமப்படுத்த வேண்டுமானால் லேசாகச் சாய்த்து, லிவரை மிதவை நிலையில், அதாவது முன்னால் தள்ளி மாட்டும் அந்தக் கடைசிப் புள்ளியில் வைத்து இழுங்கள். பக்கெட் தன் எடையிலேயே தரையின் மேடு பள்ளத்தோடு போகும்.

இனி பேக்ஹோ. வாங்கும் முன் பார்க்க வேண்டியது எவ்வளவு ஆழம் தோண்டும் என்பதை அல்ல, எதில் மாட்டுகிறது என்பதை. த்ரீ பாயிண்ட் லிங்கேஜில் மட்டும் தொங்கும் பேக்ஹோவின் உதைப்பு முழுவதும் டிராக்டரின் பின் ஹவுசிங்கில் விழும். வார்ப்பிரும்பு ஹவுசிங் விரிசல் விட்டால் டிராக்டரே இரண்டாகப் பிரியும். அதோடு, தோண்டும்போது பேக்ஹோ மேலே எகிறி ஓட்டுபவரை வண்டியோடு நசுக்கவும் வாய்ப்புண்டு. வண்டிக்கு அடியில் இரும்பு அடிச்சட்டம் வைத்து, அது லோடர் சட்டம்வரை ஓடுகிற அமைப்பென்றால் அந்த உதைப்பு வண்டி நெடுகப் பகிர்ந்து போகும். கூடுதலாகக் கொடுத்தாலும் அடிச்சட்டம் உள்ளதையே வாங்குங்கள். தோண்டும் ஆழம் என்று போட்டிருப்பது பக்கெட் பல்லின் நுனி தொடுகிற கடைசிப் புள்ளி. அடி சமமாக இருக்கிற வாய்க்கால் வேண்டுமானால் கிடைப்பது அதைவிடக் கொஞ்சம் குறைவு.

வண்டியை நிறுத்தும் முறை இது. இடத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போடுங்கள். லோடர் பக்கெட்டைத் தட்டையாகத் தரையில் இறக்கி, முன் டயர்கள் சற்று இலேசாகும்வரை அழுத்துங்கள். பிறகு வண்டி ஆடாமல் ஊன்றி நிற்க பேக்ஹோவின் இரு பக்கமும் உள்ள கால்களையும் இறக்குங்கள். பின் டயர் முழுக்கத் தூக்கப்பட வேண்டாம். டயரின் அடி உப்பல் குறைந்து தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கட்டும். மண் இளகியிருந்தால் கால்களுக்கடியில் 5 செ.மீ. கனப் பலகை போடுங்கள். கடைசியாக, பேக்ஹோ பக்கவாட்டில் திரும்பாமல் (ஸ்விங்) பிடிக்கும் பூட்டின் முளையையும் (பின்), அதன் மேல் கையான பூமைப் பிடிக்கும் பூட்டையும் எடுங்கள். பின்னை எடுக்காமல் ஸ்விங் லிவரை இழுத்தால் பின் வளையும், வளைந்த பின்னை வெளியே எடுக்கச் சுத்தியலோடு அரைநாள் போகும். இன்ஜின் நிமிடத்துக்கு 1500 முதல் 2000 சுற்று போதும். வண்டியின் சொந்த பம்பிலேயே ஓடும் பேக்ஹோ என்றால் பி.டி.ஓ.வை, அதாவது இன்ஜின் சுழற்சியைப் பின் கருவிக்குக் கொடுக்கும் தண்டை இணைக்க வேண்டியதே இல்லை.

மண்ணை ஒரேயடியாகக் கடிக்காதீர்கள். 10, 15 செ.மீ. கனத்துக்கு, தோசை திருப்புகிற மாதிரி சீவிச் சீவி எடுங்கள். பல் மண்ணுக்குள் நுழையும் கோணத்தை பக்கெட் லிவரால் திருத்திக்கொண்டே, பேக்ஹோவின் கையை உள்ளே இழுக்க வேண்டும். வண்டியே குழியை நோக்கி நகர்கிறதென்றால் சீவல் கனம். கெட்டி மண்ணுக்கு 30 செ.மீ. குறுகிய பக்கெட்தான் சரி. அகலப் பக்கெட் அதே விசையை அதிகப் பல்லில் பரப்பிவிடும். மரக்கட்டையைப் பிடுங்க வேண்டுமென்றால் கட்டையை இழுக்கவே கூடாது. சுற்றிலும் தோண்டி வேர்களை ஒவ்வொன்றாக அறுத்துவிட்டால், கட்டை தானே ஆடும்.

குழியை மூடும்போது பக்கெட்டின் பக்கவாட்டால் மண்ணைத் துடைத்துத் தள்ளுகிற பழக்கம் ஒன்று உண்டு. பார்க்க அழகாக, வேகமாக இருக்கும். கையைப் பக்கவாட்டில் திருப்பும் ஸ்விங் சிலிண்டரும், அது திரும்புகிற முளையான கிங் பின்னும் அதற்கென்று செய்யப்பட்டதல்ல. முளையைச் சுற்றியுள்ள புஷ் வளையம் தேய்ந்து, முழுக் கையும் லொடலொடவென்று ஆடத் தொடங்குவது இதில்தான். மூடும் வேலை லோடருக்கு உரியது. சரிவில் நிற்கும்போது மண்ணை மேட்டுப் பக்கமே கொட்டுங்கள்; நிறைந்த பக்கெட்டோடு பள்ளப் பக்கம் திரும்பினால் கால்களையும் மீறி வண்டி சாயும்.

தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலிருந்து குறைந்தது 60 செ.மீ. தள்ளிக் கொட்ட வேண்டும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல். அந்தப் பாரம் விளிம்பில் ஏறினால் பக்கச் சுவர் சொல்லாமல் இடியும். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான குழியில், பக்கங்களுக்குப் பலகை முட்டுக் கொடுக்காமல் ஒருவரும் இறங்கக் கூடாது, "ஒரு நிமிஷம்தான்" என்றாலும். தோண்டுவதற்கு முன் நிலத்துக்கடியில் மின்கம்பி, எரிவாயு, தண்ணீர்க் குழாய் எது எங்கே போகிறது என்று கேட்டறிந்து குறித்துக்கொள்ளுங்கள். குறியை நெருங்கியதும் மண்வெட்டிதான். தலைக்கு மேலும் பாருங்கள்: பேக்ஹோவின் பூம் நிமிர்ந்தால் மின்கம்பியைத் தொடக்கூடும்.

பராமரிப்பில் நான் அதிகம் அழுத்திச் சொல்வது கிரீஸ். வேலை செய்கிற நாளில் ஒவ்வொரு 10 மணி நேரத்துக்கும் லோடர், பேக்ஹோ இரண்டிலும் கிரீஸ் ஏற்றுகிற எல்லா முளைகளுக்கும் கிரீஸ் அடிக்க வேண்டும். லித்தியம் கிரீஸ், 2ஆம் எண் போதும். பக்கெட்டைத் தரையில் வைத்துப் பாரம் இறங்கிய பிறகு, பழைய கறுப்பு கிரீஸ் வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். மறந்துபோகிற இடங்கள் இரண்டு: முன் அச்சு ஊசலாடும் நடுப் பின், ஸ்விங் சிலிண்டரின் அடிப்பக்கம். மேலிருந்து பார்த்தால் இரண்டும் கண்ணில் படாது. புது வண்டியில் 50 மணி நேரத்தில் ஹைட்ராலிக் ஃபில்டரை மாற்றிவிடுங்கள். புதுப் பல்சக்கரங்களிலிருந்து உதிர்கிற இரும்புப் பொடி அதில்தான் சேர்ந்திருக்கும். அந்தக் கையோடு சக்கரப் போல்ட்டுகளையும், லோடர் சட்டத்தின் போல்ட்டுகளையும் முறுக்கிப் பாருங்கள், தளர்ந்திருக்கும்.

எண்ணெய் மட்டத்தைப் பார்க்கும்போது எல்லாக் கைகளும் தரையில் இறங்கியிருக்க வேண்டும், சிலிண்டர்கள் கையேடு சொல்லும் நிலையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அளவு பொய்க்கும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. நுரைத்தால் பம்பின் உறிஞ்சும் பக்கம் எங்கோ காற்று நுழைகிறது. தூக்கி நிறுத்திய லோடர் மெல்ல மெல்ல இறங்குவது ஓரளவு இயல்புதான். வால்வுக்குள் இரும்பும் இரும்பும் உரசும் இடைவெளியில் எண்ணெய் கசியும். அதனால்தான், தூக்கிய லோடருக்கு அடியில் முட்டு வைக்காமல் யாரும் நுழையக் கூடாது.

ஹோஸ் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே பார்க்காதீர்கள். உள்ளே 150 முதல் 200 பார், அதாவது காற்றுமண்டலத்தைப் போல் 150 முதல் 200 மடங்கு அழுத்தம். ஊசிமுனை ஓட்டையிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். காயம் கொசு கடித்தது போலத்தான் தெரியும், முதலில் வலிகூடப் பெரிதாக இராது. சில மணி நேரத்தில் விரலே போகும் நிலை வரலாம். அட்டைத் துண்டைக் குச்சியில் பிடித்துக் காட்டிக் கசிவைக் கண்டுபிடியுங்கள். தோலுக்குள் எண்ணெய் போய்விட்டது என்று சந்தேகம் வந்தாலே நேராக அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், "ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தத்தோடு உள்ளே போயிருக்கிறது" என்று வார்த்தை மாறாமல் சொல்லுங்கள்.

கடைசியாக, பேக்ஹோவைக் கழற்றுவது. சமமான கெட்டித் தரையில் கால்களையும் பக்கெட்டையும் ஊன்றி நிறுத்தி, இன்ஜினை அணைத்து, எல்லா லிவர்களையும் எல்லாப் பக்கமும் ஆட்டி அழுத்தத்தை இறக்குங்கள். வெயில் ஏறினால் ஹோஸுக்குள் சிக்கிய எண்ணெய் விரிந்து, திரும்ப மாட்டும்போது ஹோஸ்களை இணைக்கும் கப்ளர் உள்ளே போகாமல் அடம்பிடிக்கும். வெளியே நீட்டிய குரோம் ராட்களில் கிரீஸ் பூசுங்கள். துருப்புள்ளி விழுந்தால் அது சீலை அறுக்கும். வண்டிப் பக்கம் உள்ள இரண்டு ஹோஸ்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிட மறக்காதீர்கள். எண்ணெய் ஓடிக்கொண்டே இருக்கும்படி அமைந்த வண்டிகளில், அந்த வழி அடைபட்டால் த்ரீ பாயிண்ட் எழும்பாது, ரிலீஃப் வால்வு கீச்சிடும், எண்ணெய் கொதிக்கும். கழற்றிய கையோடு இன்ஜினைப் போட்டு, த்ரீ பாயிண்டை ஒருமுறை தூக்கி இறக்கிப் பாருங்கள். கீச்சுச் சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிட்டு, அந்த இணைப்பைத்தான் முதலில் போய்ப் பாருங்கள்.

வணக்கம்.