ரூவா குடுத்து இறக்கின பாட்டு நடுக்கடல்ல ஏன் பாடல? டவுன்லோடு பட்டன் சொல்ற பெரிய பொய்!

[காட்சி: தேங்காப்பட்டணம் துறைமுகம், விடியக்காலம். பின்னாடி போட்டு இன்ஜின் சத்தம்.]

மக்கா, உங்ககிட்ட ஒரு கேள்வி. போன்ல 400 பாட்டு டவுன்லோடு பண்ணி வச்சிருக்கீங்க, மாசாமாசம் காசும் ஒழுங்கா கட்டுறீங்க, ஒரு நாள் காலைல எழும்பிப் பாத்தா அத்தனையும் மங்கிக் கெடக்கு, தொட்டா பாடமாட்டேங்குது. யாரும் களவாங்கல, போன் தண்ணியில விழல, மெமரி கார்டும் சாகல. அப்ப பாட்டு எங்க போச்சு?

இது எங்க மாமாவுக்கு நடந்தது. கரையில இல்ல, நடுக்கடல்ல.

எங்க ஏரியா தெரியாதவங்களுக்காக சொல்லுதேன். தூத்தூர், வள்ளவிளை, இரயுமன்துறை இந்தப் பக்கத்து ஆளுங்க ஆழ்கடல் மீன்பிடிக்குப் பேர் போனவங்க, தங்கலுக்குப் போனா முப்பது நாப்பது நாள் கழிச்சுதான் கரை. ஐஸ், டீசல், அரிசி, குடிதண்ணி எல்லாம் கணக்குப் பாத்து ஏத்துவாங்க. மாமா மட்டும் கூடவே பாட்டையும் கணக்குப் பாத்து ஏத்துவாரு. போன தடவ நான்தான் பெரிய புத்திசாலி மாதிரி, "மாமா, பென் டிரைவ்லாம் பழசு, இந்த ஆப்ப போட்டுத் தாறேன், நெட் இல்லாமலே பாடும்"னு சொல்லி (பேரு வேண்டாம், வம்பு) ஒரு ஸ்ட்ரீமிங் ஆப்புல 400 பாட்டு இறக்கிக் குடுத்தேன். மனுசன் கரைக்கு வந்ததும் மொத வார்த்தை, சாப்பிட்டியான்னு கூட கேக்கல, "ஏன்டே, ரூவா குடுத்துதான இறக்கின? பின்ன பாதி வழியில எவன்டே பூட்டினான்?"

அந்தப் பூட்டுதான் இன்னைக்கு வீடியோ. சப்ஸ்கிரைப் பண்ணாதவங்க பண்ணிருங்க, பூட்டெல்லாம் போடமாட்டேன்.

[திரையில் பழைய வாக்மேன் படம், வேகமா ஓடணும்]

வரலாறு வேணும்னு கமெண்ட்ல ஒரு குரூப் கத்தும், அதனால ஒரே மூச்சுல சொல்லிட்டு ஓடிருதேன்: 1963-ல பிலிப்ஸ் கேசட், 1979-ல சோனி வாக்மேன், 1998-ல தென் கொரியாவுல இருந்து எம்பிமேன்னு 32 எம்பி பிளேயர், 2001-ல ஆப்பிள் ஐபாட் 5 ஜிபி, 2008-ல ஸ்வீடன்ல ஸ்பாட்டிஃபை, அது இந்தியாவுக்கு வந்தது 2019, ஐபாடுக்கு ஆப்பிள் மங்களம் பாடுனது 2022. முடிஞ்சுது.

அதுல அந்த 32 எம்பி-ய மட்டும் ஒரு நிமிசம் பிடிச்சுக்கிடுங்க. சிடில இருக்குற அஞ்சு நிமிசப் பாட்டு ஒண்ணு கிட்டத்தட்ட 53 எம்பி. அப்ப அந்த பிளேயர்ல ஒரு பாட்டு கூட முழுசா ஏறாது, பல்லவி பாடி சரணம் ஆரம்பிக்கும்போதே முட்டிக்கிடும். ஆனா அதே பாட்ட 128 கேபிபிஎஸ் (ஒரு செகண்டுக்கு எவ்வளவு டேட்டாங்கற கணக்கு) எம்பி3 ஆக்கினா அஞ்சு எம்பி கூட வராது. பத்துல ஒரு பங்குக்கும் கம்மி. மிச்சம் எங்க போச்சு? இதுதான் எனக்கு இந்த மொத்த சப்ஜெக்ட்லயே ரொம்பப் பிடிச்ச எடம், இங்க கொஞ்சம் நிப்பேன், அவசரக்காரங்க தள்ளி விட்டுக்கிடுங்க.

[காட்சி: கோயில் திருவிழா, சிங்காரி மேளம்]

நம்ம ஊரு கோயில் திருவிழாவுல சிங்காரி மேளம் பக்கத்துல நின்னுருக்கீங்களா? நெஞ்சுக்குள்ள அடிக்கும். அப்ப பக்கத்துல நிக்குற கூட்டாளி "லேய், கடலை வாங்குவமா"ன்னு கேப்பான். வாய் அசையுறது தெரியும், சொன்னது ஒண்ணும் கேக்காது. அவன் சத்தம் காத்துல இருக்கு, நம்ம காதுக்குள்ளயும் வரத்தான் செய்யுது, ஆனா மேளம் அத அமுக்கிப்போட்டிருது, மூளைக்குப் போய்ச் சேரல.

ஜெர்மனில ஃப்ராவுன்ஹோஃபர் ஆராய்ச்சி நிறுவனத்துல கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவரு கூட்டாளிகளும் பிடிச்சது இந்த எடத்ததான். எப்படியும் கேக்கப்போறதில்ல, அப்புறம் அத எதுக்கு அவ்வளவு சுத்தமா எழுதி வைக்கணும்? எம்பி3 என்ன பண்ணும்னா, பாட்ட ஒரு செகண்டுக்கு 38 துண்டா நறுக்கும், ஒவ்வொரு துண்டுலயும் எந்தச் சத்தம் எந்தச் சத்தத்த அமுக்குதுன்னு பாக்கும், அமுங்கிக் கெடக்குறத கோணக்கிறுக்கலா எழுதும், இல்ல எழுதவே எழுதாது. பலமா கேக்குறத மட்டும் நல்ல கையெழுத்துல எழுதும்.

இதுல இன்னொரு கூத்து. செண்டையில ஒரு பலமான அடி விழுந்தா, அடுத்த கொஞ்ச நேரத்துக்கு சின்னச் சத்தம் காதுல ஏறாது, சரி, அது நியாயம். ஆனா அடி விழுறதுக்கு முன்னாடி, சில மில்லி செகண்ட் முன்னாடி வந்த சின்னச் சத்தமும் அமுங்கிப்போகும்! பின்னால வந்தவன் முன்னால போனவனத் தள்ளி விடுறான். மூளை சத்தத்த வாங்கி வச்சு சோலி பாக்க கொஞ்சம் நேரம் எடுக்கும், அந்த இடைவெளியில பெரிய சத்தம் ஓடிவந்து முந்திருது, வடசேரி பஸ் ஸ்டாண்டுல கடைசி பஸ்சுக்கு ஏறுற மாதிரி.

சரி, மேளம் இருந்தா அந்தக் கிறுக்கல் ஒளியலாம். மேளமே இல்லன்னா?

பிராண்டன்பர்க் வேலை கிட்டத்தட்ட முடிஞ்சுதுன்னு நெனச்ச நேரத்துல, சுசேன் வேகான்னு ஒரு அமெரிக்கப் பாடகியோட 'டாம்ஸ் டைனர்' பாட்டு அவரு கண்ணுல பட்டுது. அதுல வாத்தியமே கெடயாது, ஒத்தப் பொம்பளக் குரல் மட்டும். சுருக்கிக் கேட்டா கர்ண கொடூரமா வந்துச்சாம், ஏன்னா பிசிறு ஒளிஞ்சுக்கிட ஒரு தாளம் கூட அங்க இல்ல. அந்தப் பாட்டு ஒழுங்கா வர்ற வரைக்கும் திரும்பத் திரும்பக் கேட்டு கேட்டு சரி பண்ணாரு. அதனால அந்தம்மாவுக்கு 'எம்பி3-யோட அம்மா'ன்னே பட்டப்பேரு விழுந்துருச்சு. டாட் எம்பி3-ன்னு ஃபைலுக்குப் பேரு வச்சது 1995 ஜூலை 14. எங்க கூட்டத்துல அதுக்கு கேக் வெட்டலாம்னு சொன்னேன், எவனும் வரல.

[காட்சி: மறுபடி துறைமுகம்]

இப்ப ஸ்ட்ரீமிங். அதுவும் இதே சுருக்கு வேலைதான், என்ன, ஃபைல் உங்க போன்ல இல்லாம எங்கயோ ஒரு சர்வர்ல கெடக்கும், துண்டு துண்டா வரும். நீங்க ஒரு துண்டு கேக்கும்போதே அடுத்த துண்டுகள் வந்து வரிசையில நிக்கும், அதான் கீரிப்பாறை தாண்டி டவர் போன பெறவும் அந்தப் பாட்டு மட்டும் முழுசா முடியும், அடுத்த பாட்டுல சுத்த ஆரம்பிக்கும். டேட்டா பயம் வேண்டாம், 160 கேபிபிஎஸ்ல ஒரு மணி நேரத்துக்கு 72 எம்பி தான், ஒரு நாள் பேக் ஒன்றரை ஜிபி-ன்னா இருபது மணி நேரம் கேக்கலாம், தூங்க வேற செய்யணும்லா. பாட்டு கேக்குறதுக்கு வீடியோவ ஓட விட்டு போன கவுத்துப் போடுறவங்க மட்டும் கொஞ்சம் யோசிங்க, எங்க அக்காவையும் சேத்துதான் சொல்லுதேன்.

இனி பூட்டுக்கு வருவோம்.

டவுன்லோடுன்னு பட்டன்ல எழுதியிருக்குல்லா, அத அமுக்குனா பாட்டு உங்க போனுக்கு வரத்தான் செய்யும், ஆனா பூட்டுன பொட்டிக்குள்ள வரும். சாவி அந்த ஆப்புக்கிட்ட. அந்த ஃபைல பென் டிரைவ்ல போட்டாலும் ஒண்ணுதான், கடல்ல போட்டாலும் ஒண்ணுதான், வேற எதுலயும் பாடாது. அந்தச் சாவிக்கும் ஒரு தேதி உண்டு. ஸ்பாட்டிஃபை, யூட்யூப் மியூசிக் ரெண்டோட விதியும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், 30 நாளைக்குள்ள ஒருக்காவாவது நெட்டுக்கு வந்து முகத்தக் காட்டணும், காசு கட்டியிருக்கானா, பாட்டு இன்னும் நம்ம கணக்குல இருக்கான்னு ஆப்பு பாத்துக்கிடும். கரையில இருக்கவனுக்கு இப்படி ஒரு விதி இருக்குறதே தெரியாது, தெனமும் நெட்ல தான கெடக்கோம். ஆபீஸ்ல உக்காந்து முப்பதுன்னு எழுதினவன் தங்கலுக்குப் போற ஒருத்தனயும் பாத்திருக்க மாட்டான்னு நான் அடிச்சுச் சொல்லுவேன்.

மாமா கேட்டாரு, "போன்ல தேதிய பின்னாடி தள்ளி வச்சா பாடுமா?" மாமா, உங்க மூளையே மூளை. ஆனா அதெல்லாம் கண்டுபிடிச்சிருவான்.

நம்ம பக்கத்துல தென்னந்தோப்ப பாட்டத்துக்கு எடுப்பாங்கல்லா. தேங்கா பறிக்கலாம், விக்கலாம், இளநி வெட்டிக் குடிக்கலாம், ஆனா மரம் நம்மளது இல்ல, கெடு முடிஞ்சா கீழ எறங்கணும். ஸ்ட்ரீமிங் ஆப்புல நீங்க வாங்குறதும் அதுதான். பாட்டு இல்ல மக்கா, பாட்டம்! இந்த ஜோக்குக்காகவே லைக் போடலாம், நேத்து ராத்திரி முழுக்க யோசிச்சது.

[திரையில் ரேடியோ பொட்டி படம்]

தோப்புக்காரன் மனசு மாறினா என்ன ஆகும்? அதுவும் நடந்துச்சு. பழைய எச்எம்வி இருக்குல்லா, அந்த நாய்க்குட்டி கிராமபோன் படம் போட்ட கம்பெனி, அதான் இப்ப சரிகமா. நம்ம அப்பா தாத்தா காலத்துப் பாட்டு பெரும்பங்கு அவங்ககிட்ட. ஸ்பாட்டிஃபை இங்க கால் வச்ச 2019-லயே ரெண்டு பேருக்கும் உரிமை விசயத்துல ஒத்துப்போகாம கோர்ட்டுக்குப் போயி, சரிகமா பாட்டெல்லாம் அந்த ஆப்புல இருந்து எறங்கிருச்சு, மறுவருசம் 2020-ல ஒப்பந்தம் போட்டுதான் திரும்ப வந்துச்சு. நடுவுல ப்ளேலிஸ்ட் போட்டு வச்சவன் பாடு? அம்போ.

இதே சரிகமா 2017-ல என்ன வித்துச்சு தெரியுமா? கார்வான். பழைய ரேடியோ மாதிரி ஒரு பொட்டி, உள்ளுக்குள்ள 5000 பாட்டு, நெட் வேண்டாம், லாகின் வேண்டாம், பாஸ்வேர்டு மறக்காது. எங்க தெருவுல பாதி வீட்டுல வெளிநாட்டுல இருக்க மகன் வாங்கி அனுப்பினது ஒண்ணு டிவி பக்கத்துல இருக்கும், துணியால மூடி வச்சிருப்பாங்க. 2019-ல கோர்ட்டு கேசு நடந்தப்ப அந்தப் பொட்டில இருந்து ஒரு பாட்டு கூட காணாமப் போகல. சின்னப் பையன்கிட்ட இருந்த காஸ்ட்லி போன்ல பாட்டு இல்ல, பாட்டிகிட்ட இருந்தது. யோசிச்சாலே எனக்குச் சிரிப்பு வரும்.

ஸ்ட்ரீமிங்கே வேண்டாம்னு நான் சொல்லல, நானே தெனமும் கேக்கேன், புதுப்பாட்டு தேட அத விட்டா வழியே இல்ல. ஆனா செத்தாலும் வேணும்னு ஒரு இருநூறு பாட்டு இருக்கும்ல, அத ஃபைலா வச்சுக்கிடுங்க. வீட்டுல கெடக்குற ஒரிஜினல் சிடிய கம்ப்யூட்டர்ல ஏத்தலாம், ஐட்யூன்ஸ் கடையில 2009-ல இருந்தே பூட்டு இல்லாத ஃபைலா வெலைக்குக் கெடைக்குது, பேண்ட்கேம்ப்ல பாடுறவங்ககிட்டயே வாங்கலாம். பாட வைக்க விஎல்சி போதும், அந்த ஆரஞ்சுக் கூம்பு படம். திருட்டு சைட்டு லிங்க் கேட்டு கமெண்ட் போடாதீங்க, தரமாட்டேன்.

லாஸ்லெஸ் பத்தி ஒரே வரி: அதுல ஒரு சொட்டுச் சத்தமும் வெட்டுப்படாது, ஆனா அத சாதா ப்ளூடூத் ஸ்பீக்கர்ல கேட்டா, ப்ளூடூத் திரும்ப ஒருக்கா சுருக்கிதான் அனுப்பும், தோவாளைச் சந்தையில விடியக்காலம் பறிச்ச பிச்சிப்பூவ பாத்து வாங்கி, மூட்டைக்கு அடியில அமுக்கி வீட்டுக்குக் கொண்டுபோற கதைதான். வயர் மாட்டிக் கேளுங்க.

[காட்சி: டீக்கடை பெஞ்ச், லேப்டாப், ராத்திரி]

இப்ப மாமா கதையோட மிச்சம். செஞ்ச பாவத்துக்குப் பரிகாரமா இந்தத் தடவ நானே சிடியெல்லாம் தேடிப்பிடிச்சு ஏத்தி, எல்லாத்தையும் ஃப்ளாக்கா, அதான் லாஸ்லெஸ்ஸா, 64 ஜிபி பென் டிரைவ்ல போட்டேன். படமெல்லாம் ஒட்டி, பேரெல்லாம் திருத்தி, மூணு நாள் வேலை. நேத்து ராத்திரி போட்டுல கொண்டுபோயி, டிரைவர் ரூம்ல இருக்க ஸ்டீரியோவுல மாட்டுனா, குட்டித் திரையில "நோ ஃபைல்".

மாமா என்னயப் பாக்காரு. நான் ஸ்டீரியோவப் பாக்கேன். பின்னால இருந்து ஒரு அண்ணன், "தம்பி யூட்யூப்ல எல்லாருக்கும் வெளக்கம் குடுக்குற ஆளுலா?"

அந்த ஸ்டீரியோ பழசு, அதுக்கு எம்பி3 மட்டுந்தான் தெரியும், ஃப்ளாக்னா என்னன்னே தெரியாது, போதாததுக்கு பென் டிரைவையும் ஃபேட்32-ங்கற பழைய முறையில ஃபார்மேட் பண்ணாதான் எடுக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு துறைமுகத்து டீக்கடை பெஞ்சுல உக்காந்து, கொசுவ அடிச்சுக்கிட்டே, அத்தனையும் 320 கேபிபிஎஸ் எம்பி3-யா மாத்தினேன். கடைக்கார அண்ணன் மூணு தடவ ஷட்டர இழுக்க வந்துட்டு, அந்தக் கோடு இன்னும் நூறு தொடலன்னு பாத்து ஒரு டீ போட்டுக் குடுத்துட்டுப் போனாரு.

[காட்சி: போட்டு தூரமா போகுது. செண்டைச் சத்தம் மெதுவா தேயுது.]

விடிய அஞ்சு மணிக்கு போட்டு கெளம்பிச்சு. மாமா சத்தமாதான் வச்சிருந்தாரு, முகத்துவாரம் தாண்டுற வரைக்கும் சிங்காரி மேளம் கேட்டுச்சு, பெறவு இன்ஜின் சத்தம் அத அமுக்கிருச்சு.