பெயருக்குள் ஒரு பம்பரம்

(பாம்பனில் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

பிள்ளைகளே, உங்களோடு வந்திருக்கும் தாய்மார்களே, அண்ணன்மார்களே, வணக்கம்.

இந்தச் சங்குக்கு அறிவியலில் டர்பினெல்லா பைரம் என்று பேர். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தால் நாக்குச் சுளுக்கிக்கொள்ளும். சரி, இங்கே பாருங்கள். ஒடுங்கிய வால் பக்கம் கீழே இருக்கும்படி பிடிக்கிறேன். பம்பரம் தெரிகிறதா? லத்தீனில் டர்போ என்றால் பம்பரம். டர்பினெல்லா குட்டிப் பம்பரம். இப்போது அப்படியே கவிழ்க்கிறேன். பேரிக்காய்! பைரம் என்றால் அதுதான்.

விலங்குகளுக்கு இப்படி இரட்டைப் பேர் வைக்கும் வழக்கத்தை 1758-இல் நிலைநிறுத்தியவர் சுவீடன்காரர் லின்னேயஸ். ஐரோப்பாவில் படித்தவர்களுக்கெல்லாம் அன்று பொது மொழி லத்தீன்.

எனக்கு மிகவும் பிடித்தது அழுங்காமையின் பேர்: எரெட்மோகெலிஸ் இம்பிரிகேட்டா. முன்பாதி கிரேக்கம், துடுப்பு ஆமை என்று பொருள். பின்பாதி லத்தீன். இம்பிரெக்ஸ் என்பது ரோமானியர் கூரைக்குப் போட்ட வளைந்த ஓடு. பேராமையின் முதுகில் தகடுகள் பக்கம்பக்கமாகப் பொருந்தி நிற்கும். அழுங்காமைக்கு அப்படியில்லை, ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படிந்திருக்கும். லின்னேயஸ் அதில் கூரையைக் கண்டார். நம்மவர்கள் எதைக் கண்டார்கள்? காட்டில் செதில் செதிலாக இருக்குமே அழுங்கு, எறும்புத்தின்னி, அதைக் கண்டார்கள் என்றே நினைக்கிறேன். அந்த முதுகை இரண்டு பேருமே உற்றுப் பார்த்திருக்கிறார்கள்.

கொடுவாய் மீனுக்கு லேட்டஸ் கல்காரிஃபர். கல்கார் என்பது குதிரைக்காரன் குதிகாலில் மாட்டும் முள். கொடுவாயின் செவிளோரத்து முள் கையைக் கிழித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நீந்தும் நண்டு ஒன்றின் பேரில் வரும் போர்ட்டுனஸ், ரோமானியரின் துறைமுகத் தெய்வம்.

அப்புறம் கடல்பசு. டுகாங் டுகான். இது லத்தீனும் இல்லை, கிரேக்கமும் இல்லை. மலாய்த் தீவுப் பக்கத்து மக்கள் வாயில் இருந்த சொல். ஐரோப்பியர் காதில் விழுந்தது, 1776-இல் அறிவியல் பேராகவே ஏறிவிட்டது. நம் கரையில் அதே உயிருக்கு ஆவுளியா என்று எவ்வளவு அழகான பேர்! அது அவர்கள் காதில் விழவில்லையே என்று எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

நாளைக்கு உங்களில் ஒருவர் இந்த மன்னார் வளைகுடாவில் பேரில்லாத உயிர் ஒன்றைக் கண்டுபிடிக்கலாம். அன்றைக்கு லத்தீன் அகராதியைத் திறக்குமுன் வீட்டுக்குப் போய், அதற்கு என்ன பேர் என்று உங்கள் தாத்தாவைக் கேளுங்கள்.