மூன்று மணிக்குப் பிறந்த குட்டி

நேயர்களுக்கு வணக்கம். நான் கடலூர் பக்கம் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். பார்த்ததெல்லாம் பெரும்பாலும் மாடும் ஆடும்தான். கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிவரும் குதிரை, கல்யாண ஊர்வலத்துக் குதிரை என்று எப்போதாவது ஒன்று வரும்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஒருவர் போன் செய்தார். "சார், பெட்டைக்குதிரை விடியகாலம் மூணு மணிக்குக் குட்டி போட்டுச்சு. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நஞ்சுக்கொடி மட்டும் விழல. அது விழுந்ததும் சீம்பால் குடிக்க விடலாம்னு குட்டியைத் தள்ளிக் கட்டி வச்சிருக்கேன்" என்றார்.

அவர் குடும்பம் பரம்பரையாக மாடு வளர்ப்பது. நஞ்சு விழும்வரை கன்றை மடியில் விடக்கூடாது என்பது நம் பக்கத்துப் பழைய வழக்கம். மாட்டுக்கே அது தப்பு. குதிரைக்கு அதைச் செய்தால் குட்டி பிழைப்பதே சந்தேகம்.

மனிதக் குழந்தைக்கு நோயை எதிர்க்கும் சத்து வயிற்றில் இருக்கும்போதே தாயிடமிருந்து போய்விடும். குதிரைக்குட்டிக்கு அப்படிப் போகாது, வெறுங்கையோடுதான் பிறக்கும். சீம்பாலில்தான் அத்தனையும் இருக்கிறது. அதைக் குட்டியின் குடல் முதல் சில மணி நேரம் நன்றாக உறிஞ்சும். போகப் போகக் குறையும். 24 மணி நேரத்தில் கதவு சாத்திவிடும். பிறகு எவ்வளவு குடித்தாலும் வெறும் பால்தான். அப்புறம் ரத்த நாளத்தில் பிளாஸ்மா ஏற்ற வேண்டியிருக்கும், செலவும் அதிகம்.

அதனால் கடிகாரத்தைப் பாருங்கள். குட்டி 1 மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும். 2 மணி நேரத்தில் பால் குடித்திருக்க வேண்டும். 3 மணி நேரத்தில் நஞ்சு விழுந்திருக்க வேண்டும். எது தவறினாலும் மருத்துவரைக் கூப்பிடுங்கள். மாட்டுக்கு 12 மணி நேரம்கூடப் பொறுத்துப் பார்ப்போம். பெட்டைக்குதிரைக்கு நஞ்சு தங்கினால் கருப்பையில் சீழ் பிடித்து, குளம்புக்குள் வீக்கம் கண்டு, நிற்கவே முடியாமல் போகலாம். கையால் மட்டும் இழுத்துவிடாதீர்கள். தொங்குவதை மிதிக்காதபடி சுருட்டி முடிந்து விடுங்கள், போதும்.

குட்டி மடிக்குப் போகிறது என்பதால் குடிக்கிறது என்று அர்த்தமில்லை. முகத்தைப் பாருங்கள். நெற்றியெல்லாம் பால் வழிந்து காய்ந்திருக்கிறதா? தாயின் மடி கல்லாக இறுகிப் பால் சொட்டுகிறதா? அப்படியென்றால் குட்டி முட்டுகிறதே தவிரக் குடிக்கவில்லை. நல்ல குட்டி மணிக்கு ஐந்தாறு தடவை குடிக்கும், தூங்கும், எழுந்து துள்ளும். எழுப்பினாலும் எழாமல் கிடப்பது, சுவரை நக்கிக்கொண்டு தாயை மறந்து சுற்றுவது, இதெல்லாம் சாயங்காலம்வரை காத்திருக்கிற சங்கதி இல்லை. காலையில் சோர்ந்த குட்டி மாலையில் இருக்காது, பார்த்திருக்கிறேன்.

முதல் லத்தி கறுப்பாக, பிசின்போல வரும். அது ஒரு நாளுக்குள் வந்துவிட வேண்டும். வாலைத் தூக்கித் தூக்கி முக்குகிறது, ஒன்றும் வரவில்லை என்றால் சொல்லுங்கள். ஆண்குட்டிகளுக்கு இது அதிகம். இரண்டு மூன்று நாளான ஆண்குட்டி சிறுநீருக்கு முக்கி, வயிறும் உப்பினால் மூத்திரப்பை கிழிந்திருக்கலாம். உடல் சூடு 99-லிருந்து 102 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஜுரம் மட்டுமில்லை, சில்லென்று இருப்பதும் ஆபத்துதான். தொப்புளில் சாம்பல், மஞ்சள், சாணம் எதுவும் வேண்டாம். மருத்துவர் தரும் மருந்தில் நனைத்தால் போதும். அது ஈரமாகவே இருந்தாலோ, மூட்டு வீங்கி நொண்டினாலோ கிருமி உள்ளே போய்விட்டது என்று பொருள்.

சரி, அந்தக் குட்டி என்ன ஆனது? நான் போனதும் முதல் வேலையாகக் கயிற்றை அவிழ்த்தேன். மடி தேடத் தெம்பில்லை. சீம்பாலைக் கறந்து மூக்கு வழியாகக் குழாயில் விட்டோம். பெட்டைக்கு ஊசி போட்டதும் மதியத்துக்குள் நஞ்சு விழுந்தது. இரண்டும் பிழைத்தன.

போன் செய்யும்போது குட்டி பிறந்த நேரத்தை முதலில் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற கால்நடை அவசர உதவி எண்ணைக் கூப்பிடலாம். நஞ்சு விழுந்தால் நாய் இழுக்காமல் வாளியில் போட்டு மூடி வையுங்கள். அதை விரித்துப் பார்த்தால்தான் துண்டு உள்ளே தங்கியிருக்கிறதா என்று தெரியும். வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுகிற வழக்கம் இருந்தால், மருத்துவர் பார்த்த பிறகு கட்டிக்கொள்ளுங்கள். மரம் எங்கும் போய்விடாது.