மெர்போக் கல் கோயில் ராஜேந்திர சோழன் கட்டினதா? – சந்தேகமும் விளக்கமும்

வணக்கம். கிள்ளானிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "ஐயா, கெடா மெர்போக்ல இருக்கிற கல் கோயிலை ராஜேந்திர சோழன் கட்டினான்னு சின்ன வயசிலேருந்து கேட்டிருக்கேன். இப்போ ஒருத்தர் அது சோழனுக்கும் முந்தினதுன்னு சொல்றார். எதை நம்பறது?"

நல்ல கேள்விம்மா. நானும் பல வருஷம் மேடையில சோழன் கட்டினதுன்னுதான் பேசிட்டிருந்தேன். இப்போ அப்படிச் சொல்றதில்ல. ஏன்னு சொல்றேன்.

முதல்ல ராஜேந்திரனோட மெய்க்கீர்த்தியையே எடுத்துக்கங்க, அதான் கல்வெட்டுல அரசன் புகழைப் பாடற பகுதி. கடாரம்னு அதுல வர்றது இந்தக் கெடாதான். 1025-ல படை வந்தது, கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பிடிபட்டான், எல்லாம் அதுல இருக்கு. யானைப்படை, குவிச்சு வெச்சிருந்த செல்வம், போர்வாசல்ல நின்ன வித்தியாதர தோரணம்னு எடுத்துக்கிட்டதை எல்லாம் வரிசையாப் பாடுது. கடாரத்துல கோயில் எழுப்பினான்னு அதுல ஒரு வரி கிடையாது. எழுப்பியிருந்தா அதைப் பாடாம விட்டிருப்பாங்களா? அந்தக் கோயில்லயும் சோழர் கல்வெட்டு எதுவும் கிடைக்கல. தஞ்சாவூர்ல சுவர் சுவரா எழுதி வெச்ச வம்சம்மா அது.

அப்புறம் இந்தப் பேச்சு எங்கேயிருந்து வந்தது? 1936, 37-ல குவாரிட்ச் வேல்ஸ்னு ஒரு ஆங்கிலேய ஆய்வாளரும் அவர் மனைவியும் அந்த இடத்தைத் தோண்டினாங்க. 1940-ல வந்த அவரோட அறிக்கைத் தலைப்பிலேயே 'மலாயாவில் பண்டைய இந்தியக் குடியேற்றம்'னு இருக்கு. இந்தியாவிலேருந்து ஆளுங்க வந்து இறங்கி, ஊரைப் பிடிச்சு, கோயிலைக் கட்டிட்டாங்கங்கிற எண்ணம் அது. இந்த நாட்டை அன்னிக்கு ஆண்டுகிட்டிருந்தவங்களுக்கு அந்த எண்ணம் இயல்பா வரும். நமக்கும் கேக்க இனிப்பா இருந்துச்சு, பிடிச்சுக்கிட்டோம். ஆனா அந்த வேல்ஸே கோயிலுக்குக் கொடுத்த காலம் 7, 8-ஆம் நூற்றாண்டு, ராஜேந்திரனுக்கு வெகு முன்னாடி. பின்னால 1959, 60 வாக்கில அலஸ்டர் லாம்ப்னு இன்னொரு ஆய்வாளர் கல்லையெல்லாம் அடுக்கி மறுபடி நிறுத்தினார். அவர் கோயிலோட காலத்தைப் 11-ஆம் நூற்றாண்டுப் பக்கம் தள்ளினார். காலம் அவர் சொன்னபடியே இருக்கட்டும். கட்டினது யாருங்கிறதுக்கு அது பதில் ஆகாது.

பதில் அந்தக் கல்லுலயே இருக்கு. நான் பினாங்குக்காரன். பாலத்தைத் தாண்டி, சுங்கை பட்டாணி வழியா அடிக்கடி அங்கே போவேன். கோயில் இருக்கிற இடத்துக்குப் புக்கிட் பத்து பஹாட்னு பேர், மலாய்ல உளி பட்ட கல்லு மலைன்னு அர்த்தம். ஜெராய் மலை அடிவாரம், பக்கத்துல ஓடை. அமைப்பு நம்ம கோயில் அமைப்புதான்: விமானம், முன்னாடி மண்டபம். சிவன் கோயில்னுதான் பெரும்பாலும் சொல்றாங்க. சரி, இப்போ மண்டபத்துத் தரையைக் குனிஞ்சு பாருங்க. தூணே இருக்காது. தூண் நிக்க வேண்டிய இடத்துல கல் பீடம், பீடத்து நடுவுல குழி. அதுல நின்னது மரத்தூண். மேல கல் கூரை போட்ட தடயமும் இல்ல. மரமும் ஓலையும்தான் மேல இருந்திருக்கணும். கம்போங் வீட்டை, அதான் மலாய்க் கிராமத்து வீட்டை, பார்த்திருப்பீங்களே, தூணுக்கு அடியில கல்லு வெச்சு, அது மேலதான மரத்தை நிறுத்துவாங்க? மழைக்கும் கறையானுக்கும் இந்த ஊர் ஆசாரி கண்ட வழி அது. சோழநாட்டுச் சிற்பி கட்டியிருந்தா தூணையும் கல்லுலயே அடிச்சிருப்பான். என்னைக் கேட்டா, அந்தக் குழியில உள்ளூர்க்காரன் கைதான் தெரியுது.

அப்போ நமக்கு அதுல பங்கே இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு, நிறையவே இருக்கு. கோயிலுக்கு அடியிலேருந்து கல் பேழைங்க கிடைச்சுது. உள்ளே செம்புக் கலசம், மணிகள், பொன், வெள்ளி. கோயில் எழுப்பும்போது கர்ப்பநியாசம்னு நாம இன்னிக்கும் பண்றோமே, அதே வழக்கம். இது வாளோட வர்ற விஷயமா? சடங்கு தெரிஞ்சவங்க வந்து, இங்கேயே தங்கி, பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுத்தாத்தான் நடக்கும். ஜெராய் மலையைக் கடல்லேருந்தே அடையாளம் பார்த்து, மெர்போக் முகத்துவாரத்துல கப்பலைக் கட்டி, காத்து திரும்பற வரைக்கும் மாசக்கணக்கா உட்கார்ந்திருந்த வணிகருங்க அவங்க. வடக்கே தாய்லாந்துத் தக்குவாபாவுல கிடைச்ச தமிழ்க் கல்வெட்டு, வெட்டின குளத்தை மணிக்கிராமம்ங்கிற வணிகக் குழுவோட காவல்ல விட்டதாச் சொல்லுது. குளமும் கோயிலும் வெச்சுக்க ராஜா படையோட வரணும்னு அவசியமில்ல.

இன்னொண்ணையும் யோசிங்க. ராஜேந்திரன் படை கிளம்பறதுக்கு இருபது வருஷம் முன்னாடியே கடாரத்து அரசன் பேர்ல நாகப்பட்டினத்துல சூடாமணி விகாரம்ங்கிற பௌத்தப் பள்ளி எழும்பிச்சு. ராஜேந்திரனோட அப்பா ராஜராஜனே ஆனைமங்கலம்ங்கிற ஊரை அதுக்கு எழுதி வெச்சான், செப்பேடு இருக்கு. அதுக்காக நாகப்பட்டினம் கடாரத்துக்காரன் பிடிச்ச ஊர்னு யாராவது சொல்றோமா? சொல்லமாட்டோம். அதே நியாயத்தை மெர்போக்குக்கும் கொடுக்கணும்ல?

எனக்கு இதுல ஆதங்கம் உண்டு. சோழன் பேரைச் சொல்லிச் சொல்லியே, மத்தவங்க இது தங்களோடது இல்லன்னு ஒதுங்கற மாதிரி நாமளே பண்ணிட்டோமோன்னு தோணும். 2013-ல இதே கெடாவுல, சுங்கை பத்துவுல ஒரு சண்டியை, அதான் பழங்காலக் கோயில் இடிபாட்டை, மண்வாரி வெச்சு இடிச்சாங்களே, அந்தச் செய்தி வந்த அன்னிக்கு எனக்குச் சாப்பாடு இறங்கல.

தங்கச்சி, நேர்ல போய்ப் பாருங்க. பிள்ளைங்களைக் கல்லு மேல ஏற விடாதீங்க. விமானத்துக்கு அப்புறம் போகலாம், முதல்ல அந்தத் தூண் குழிங்ககிட்டே நில்லுங்க. அடுத்த கேள்வி பட்டர்வொர்த்லேருந்து வந்திருக்கு.