கொலு மலையில் ஏறி இறங்கும் வெளிச்சம்

வணக்கம். கொலுவில் பார்க் கட்டலாம் என்றால் சேலத்துக்காரர்களுக்கு முதலில் தோன்றுவது ஏற்காடுதான். தெர்மகோல் மலை, 20 கொண்டை ஊசி வளைவு, ஏரி, உச்சியில் சேர்வராயன் குகைக் கோவில். எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, கடைசியில் பளிச் பளிச்சென்று வெட்டும் சீரியல் பல்பைச் சுற்றிவிடுகிறோம். மலைக்கு ஏன் அந்த அவசரம்?

வெளிச்சம் மெதுவாக ஏறி இறங்க ஒரு 555 ஐ.சி. போதும், எட்டுக் கால் உள்ள சின்ன டைமர் சிப் அது. 1971-இல் ஹான்ஸ் காமன்சின்ட் வடிவமைத்தது, இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். 4, 8-ஆம் கால்களுக்கு 9 வோல்ட் பிளஸ், 1-ஆம் காலுக்கு மைனஸ். 2-ஐயும் 6-ஐயும் சேர்த்துவிடுங்கள். அந்தச் சந்திப்பிலிருந்து 3-ஆம் காலுக்கு 10கே ரெசிஸ்டர், மைனஸுக்கு 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். கோடு போட்ட கால் மைனஸ் பக்கம்.

3-ஆம் காலில் எல்.இ.டி. போட்டால் அதுவும் வெட்டத்தான் செய்யும். நமக்கு வேண்டியது கெப்பாசிட்டரில் இருக்கிறது. அங்கே மின்னழுத்தம் 3 வோல்ட்டுக்கும் 6 வோல்ட்டுக்கும் இடையே நிதானமாக ஏறி இறங்கும். எல்.இ.டி.யை நேராக அங்கே மாட்டினால் மின்சாரத்தை உறிஞ்சி ஆட்டத்தையே நிறுத்திவிடும். அதனால் நடுவில் ஒரு பி.சி.547பி டிரான்சிஸ்டர்: பேஸ் அந்தச் சந்திப்புக்கு, கலெக்டர் பிளஸுக்கு, எமிட்டரிலிருந்து 470 ஓம் வழியாக எல்.இ.டி., பிறகு மைனஸ். ஒரு சுற்றுக்கு மூன்று நான்கு நொடி ஆகும். போதாதென்றால் 470 மைக்ரோஃபாரட் போடுங்கள், ஏறக்குறைய இரண்டு மடங்காகும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு. டிரான்சிஸ்டர் முக்கால் வோல்ட் போல எடுத்துக்கொள்வதால், எமிட்டரில் மின்னழுத்தம் இரண்டேகாலுக்குக் கீழே இறங்காது. சிவப்பு எல்.இ.டி. 2 வோல்ட்டுக்குள்ளேயே எரியத் தொடங்கிவிடும், ஆகவே மங்குமே தவிர அணையாது. வெள்ளைக்கு 3 வோல்ட் பக்கம் வேண்டும், அதனால் அது கொஞ்ச நேரம் காணாமலே போய்விடும். அப்படியானால் குகைக் கோவிலுக்குச் சிவப்பு. சாமி விளக்கு அணையக் கூடாதே! ஏரிக்கரைக்கு வெள்ளை, பனி மூடி விலகுவதுபோல. ஒரே எமிட்டரிலிருந்து இரண்டும் எடுக்கலாம், ஆளுக்கொரு 470 ஓம் மட்டும் தனித்தனியாக வேண்டும். எல்.இ.டி.யின் உருண்டைத் தலையை உப்புத்தாளில் தேய்த்துவிட்டால் கண்ணில் குத்தாது.

அப்புறம், ஒன்பது நாளும் 9 வோல்ட் பேட்டரி தாங்காது. 9 வோல்ட் டி.சி. அடாப்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். வயரைப் படிக்குப் பின்னால் விடுங்கள், சுண்டலுக்கு வரும் குழந்தைகள் முதலில் இழுப்பது அதைத்தான்.